நகத்தைக் கெடுப்பது பூச்சா, கழற்றும் கையா?

திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு மருதாணி வைப்பதோடு நகத்தையும் நீட்டிக்கொள்வது சென்னையிலும் கோவையிலும் மணப்பெண் அலங்காரத்தில் இப்போது சாதாரணம். கல்லூரி மாணவிகள் பிறந்தநாளுக்கு ஜெல் பாலிஷ் போட்டுக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நெயில் ஸ்டுடியோவில் உட்காருகிறார்கள். ஜெல் எக்ஸ்டென்ஷன், அக்ரிலிக், டிப் பவுடர் என்று விலைப்பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சில மாதம் கழித்து அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: என் சொந்த நகம் ஏன் இப்படி மெலிந்து வளைகிறது, அடுக்கடுக்காய் உரிகிறது?

இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. ஸ்டுடியோவில் சொல்வது: "பூச்சில் ஒரு குறையும் இல்லை மேம், நீங்களே பிய்த்து எடுத்திருப்பீங்க." வீட்டில் சொல்வது: "எல்லாம் கெமிக்கல். நகம் மூச்சுவிட முடியாமல் கெட்டுப்போச்சு." இரண்டையும் அப்படியே ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. காரணம் எது என்று நம்புகிறோமோ அதற்கேற்பத்தான் நம் தற்காப்பும் அமையும் என்பதால், இரண்டையும் உரசிப் பார்ப்பது அவசியம்.

உரசிப் பார்க்க மூன்று அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். சேதம் எந்த இடத்தில் ஏற்படுகிறது? அது மீளக்கூடியதா? அதைத் தடுக்கும் வாய்ப்பு யார் கையில் இருக்கிறது?

முதலில் நகத்தின் அமைப்பு. வெளியே தெரியும் கடினமான பகுதியான நகத்தட்டின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். கெரட்டின் நிறைந்த உயிரற்ற செல்கள் தட்டையாகி, பல அடுக்குகளாக இறுகி ஒட்டியிருப்பதால்தான் அந்த அரை மில்லிமீட்டருக்கு அத்தனை உறுதி. உயிருள்ள நகவேர் பின்பக்கத் தோல் மடிப்புக்கு அடியில் இருக்கிறது. அங்கே உருவாகும் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் முன்னால் நகர்கிறது. ஒரு விரல் நகம் முழுதாகப் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கால் நகத்துக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பிடிக்கும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. உயிரற்ற தட்டு ஆறாது; இன்று அரத்தில் தேய்ந்துபோன அடுக்கு அதே இடத்தில் மறுபடி முளைக்காது, அந்தப் பகுதி வளர்ந்து வெளியேறி வெட்டப்படும்வரை மெலிந்தேதான் இருக்கும். அடுத்தது, சேதம் கூடிக்கொண்டே போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றிப் புதிதாகப் போட்டுக்கொள்பவரின் நக நுனி, வேரிலிருந்து நுனிக்கு வந்து சேர்வதற்குள் பன்னிரண்டு முறை கழற்றலைச் சந்தித்திருக்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியாமல் இருந்து நான்காம் மாதம் நுனி பிளக்கத் தொடங்குவது இதனால்தான். பலர் கடைசியாகப் போட்ட பூச்சின் பிராண்டைக் குறை சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிளவு பல மாதக் கணக்கு.

இப்போது வீட்டார் சொல்லும் மூச்சு வாதத்தைப் பார்ப்போம். உடற்கூற்றின் முன் அது நிற்காது. நகத்தட்டு மூச்சுவிடுவதில்லை. நகவேருக்கு வேண்டிய ஆக்ஸிஜனும் சத்தும் ரத்தத்தின் வழியே வருகின்றன. மேலே பூசிய ஜெல் அதை மறிப்பதில்லை. ஆனாலும் இந்த வாதம் தரும் அறிவுரையில் உண்மை உண்டு. இடைவெளி விடுவது நல்லதுதான். தேய்ந்த பகுதி வளர்ந்து வெளியேற அவகாசம் கிடைக்கிறது. அதனால் இடைவெளியை மாதக் கணக்கில் விட வேண்டும். ஒரு வாரத்தில் நகம் முக்கால் மில்லிமீட்டர்கூட வளராது. "ஒரு வாரம் ரெஸ்ட் கொடுத்துட்டு வாங்க" என்ற அறிவுரை கேட்பவருக்கு ஆறுதல் தரலாம், நகத்துக்கு ஒரு பயனும் தராது.

இடைவெளியில் விற்கப்படும் மருந்துகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். நக எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவானாலும் தட்டின் வறட்சியைக் குறைத்து, வெடிக்காமல் வளைய உதவும். தேய்ந்த அடுக்கைத் திருப்பித் தராது. பயோட்டின் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடங்குவது நல்லதல்ல. அதிக அளவு பயோட்டின் தைராய்டு சோதனை முடிவுகளையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனை முடிவையும் பிறழச் செய்யலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2017இல் எச்சரித்தது. நகத்துக்காக விழுங்கும் மாத்திரை இதய நோயைக் கண்டுபிடிப்பதற்குத் தடையாகலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து ஸ்டுடியோவின் வாதம்: பூச்சு குற்றமற்றது, கழற்றிய விதமே குற்றவாளி. இதற்குச் சார்பான ஆதாரம் வலுவானது. பாலிஷைப் பிய்த்தெடுத்தவர்கள் அந்தத் துண்டைத் திருப்பிப் பார்க்கட்டும். மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும். அடிப்பக்கத்தில் வெள்ளையாக, மெல்லிய செதில்கள் ஒட்டியிருக்கும். அவை நகத்தட்டின் மேலடுக்குகள். பழைய சுண்ணாம்பை அவசரமாகச் சுரண்டினால் காரையும் சேர்ந்து பெயர்வதைப் போன்றது இது. விரலில் அதே இடத்தைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும், வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரியும்.

டிரில் மெஷின் விட்டுச்செல்லும் அடையாளம் வேறு. நகத்தின் பின்பகுதியில், தோலை ஒட்டி, வளைவாக ஒரு சிவந்த பள்ளம் விழும். தொழிலில் இருப்பவர்கள் இதை 'ரிங் ஆஃப் ஃபயர்' என்கிறார்கள். வேகமாகச் சுழலும் முனையைச் சாய்த்துப் பிடித்து ஒரே இடத்தில் அழுத்தினால் வருவது. நகம் வளர வளர இந்தப் பள்ளமும் முன்னால் நகரும். பாதி வழியில் நகம் அந்தக் கோட்டிலேயே முறிவதும் உண்டு. இந்த அடையாளத்தைப் பார்த்தால், வாடிக்கையாளர் பிய்த்ததால் வந்தது என்று எந்த ஸ்டுடியோவும் சொல்ல முடியாது.

2012இல் மியாமி பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் ஜெல் பாலிஷுக்குப் பின் நகம் மெலிந்து உடைவதாகச் சொன்ன ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் ஒருவரின் நகத்தை அல்ட்ராசவுண்டாலும் நுண்ணோக்கியாலும் முன்னும் பின்னும் அளந்ததில் தடிமன் குறைந்திருந்தது. அந்தக் கட்டுரை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அளக்கப்பட்டவர் ஒரே ஒருவர். மெலிவுக்குக் காரணம் பூச்சின் ரசாயனமா, அதை நீக்கப் பயன்பட்ட அசிட்டோனா என்பதைப் பிரித்தறிய முடியவில்லை என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே இதைப் பூச்சுக்கு எதிரான சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அசிட்டோன் நகத்தையும் சுற்றுத் தோலையும் உலர்த்தி வெளுக்கச் செய்யும், கெரட்டினைக் கரைக்காது. நகத்தின் அடுக்குகளைப் பெயர்த்தெடுப்பது பெரும்பாலும் அரம், டிரில், இரும்பு புஷர், பொறுமையிழந்த விரல் ஆகியவையே.

ஆக, ஸ்டுடியோவின் வாதம் வென்றுவிட்டதா? இல்லை. அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை: நகத்தில் போடும் எந்தப் பூச்சும் ஒருநாள் வெளியே வந்தாக வேண்டும். வராமல் இருக்க முடியாத ஒன்றைப் பூச்சின் குணத்திலிருந்து பிரித்து, 'அது தனி' என்று சொல்வது நியாயமில்லை. எவ்வளவு கடினமாகக் கழலும் என்பதைப் பூச்சின் வேதியியலே முடிவுசெய்கிறது. ஊறவைத்து நீக்கக்கூடிய ஜெல் அசிட்டோனில் நெகிழும். ஹார்டு ஜெல் நெகிழாது, அதை அரத்தால் தேய்த்தே எடுக்க வேண்டும்.

இதை வரலாறு தெளிவாகவே காட்டுகிறது. 1950களில் ஃபிரெடரிக் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் உடைந்த தன் நகத்தைப் பல் மருத்துவ அக்ரிலிக்கால் சீர்செய்ததில் இந்தத் தொழிலின் தொடக்கம் இருக்கிறது. பின்னர் மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவம் பரவலாகப் பயன்பட்டது. 1970களின் தொடக்கத்தில் நகச் சிதைவு, தோல் அழற்சி பற்றிய புகார்கள் எஃப்.டி.ஏ.வுக்கு வந்தன. அந்த அமைப்பு நீதிமன்றம் சென்று, முழுக்க அந்தத் திரவத்தாலான பொருட்களைச் சந்தையிலிருந்து அகற்றியது. அதில் செய்த நகம் மிகக் கடினமானது, நகத்தட்டோடு இறுக ஒட்டுவது, அசிட்டோனில் எளிதில் நெகிழாதது. நீண்ட நகம் கார்க் கதவிலோ பையின் கொக்கியிலோ மாட்டினால் செயற்கை நகம் உடையாது, சொந்த நகம் அடியோடு பெயரும். இங்கே யார் எவ்வளவு பொறுமையாகக் கழற்றியிருந்தாலும் பயனில்லை. இன்று தரமான அக்ரிலிக்கில் எத்தில் மெத்தாக்ரிலேட் பயன்படுகிறது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு, மூக்கைத் துளைக்கும் வாசனை, அரத்துக்கு மசியாத கடினம், ஊறவைத்தும் அசையாத பிடிப்பு: இவை சேர்ந்து இருந்தால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது: ஒவ்வாமை. அக்ரிலிக்கோ ஜெல்லோ, இறுகுவதற்கு முன் அதில் அக்ரிலேட் அல்லது மெத்தாக்ரிலேட் வகை மூலக்கூறுகள் தனித்தனியாக இருக்கும். அவற்றில் அதிகம் பேசப்படுவது 'ஹெமா'. முழுதாக இறுகிய பிறகு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். இறுகாத ஜெல் தோலில் படுவதுதான் பிரச்சினை. நகத்தை ஒட்டிய தோலில் வழிந்த ஜெல்லைத் துடைக்காமல், ஜெல்லை இறுக்கும் புற ஊதா விளக்கில் காட்டுவது, ஒரு நிறுவனத்தின் ஜெல்லை அதற்குப் பொருந்தாத இன்னொரு விளக்கில் இறுக்குவது, ஒரேயடியாகத் தடிமனாகப் பூசுவது போன்றவற்றால் அது நடக்கிறது. விரல் நுனி அரிக்கும், வெடிக்கும், நகம் அதன் அடியிலுள்ள தோல் படுகையிலிருந்து விலகும். கை முகத்தைத் தொடுவதால் இமையிலும் கழுத்திலும் தடிப்பு வரலாம்.

பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018இல் ஒரு முடிவை வெளியிட்டது. பிரிட்டன், அயர்லாந்தின் 13 மருத்துவமனைப் பிரிவுகளில் பரிசோதிக்கப்பட்ட 4,931 பேரில் 2.4 சதவீதம் பேருக்கு இந்த வகை வேதிப்பொருட்களில் ஏதாவது ஒன்றுக்கு ஒவ்வாமை இருந்தது. இவர்கள் ஏற்கெனவே தோல் பிரச்சினைக்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. தெருவில் போகும் நூறு பேரில் இருவருக்கு என்று படிப்பது தவறு. எண்ணிக்கையைவிட விளைவே கவலைக்குரியது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுக்க நீடிக்கும். பல் அடைப்புப் பொருட்கள், மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் எலும்பு சிமென்ட், சர்க்கரை நோயாளிகள் உடலில் ஒட்டிக்கொள்ளும் சில கருவிகள் ஆகியவற்றிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருட்கள் உள்ளன. இருபது வயதில் ஆசைக்குப் போட்ட ஜெல், அறுபது வயதில் முழங்கால் சிகிச்சையைச் சிக்கலாக்கலாம். மெலிந்த நகம் ஆறு மாதத்தில் மாறிவிடும். இது அப்படி மாறாது. என் தராசில் இதற்கே அதிக எடை.

ஐரோப்பிய ஒன்றியம் இதை உணர்ந்து, ஹெமா கலந்த நகப் பூச்சுகளைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2021 முதல் கட்டுப்படுத்தியது. ஜெல் இறுக உதவும் டி.பி.ஓ. என்ற பொருளை, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு என்ற வகைப்பாட்டின் காரணமாக, 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடைசெய்தது. 'ஹெமா ஃப்ரீ' என்ற எழுத்தைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அந்தப் புட்டியில் வேறு அக்ரிலேட்கள் இருக்கும்; அவற்றாலும் ஒவ்வாமை வரலாம்.

விளக்கைப் பற்றிய அச்சத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களை நக விளக்கில் காட்டினார்கள். 20 நிமிடத்தில் 20 முதல் 30 சதவீதம் செல்கள் இறந்தன, எஞ்சியவற்றில் டி.என்.ஏ. சேதமும் காணப்பட்டது. செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் தட்டில் கிடக்கும் செல்லுக்கு மேல்தோல் என்ற கவசம் கிடையாது. ஜெல் பாலிஷ் போடுகையில் கை அவ்வளவு நேரம் தொடர்ந்து விளக்கில் இருப்பதும் இல்லை. 2014இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 16 நிலையங்களின் 17 விளக்குகளை அளந்தவர்கள், புற்றுநோய் ஆபத்து சிறியதே என்று முடிவு சொன்னார்கள்; விளக்குக்கு விளக்கு கதிரின் அளவு பெரிதும் மாறுவதையும் பதிவுசெய்தார்கள். ஆகவே பீதிக்கு இடமில்லை, அலட்சியத்துக்கும் இல்லை. நுனி வெட்டிய கறுப்புக் கையுறை அல்லது சன்ஸ்கிரீன் போதுமான காப்பு. வெளிச்சத்துக்குத் தோல் எளிதில் பாதிக்கப்படும்படி செய்யும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு காரணத்தையும் சேர்க்க வேண்டும்: ஈரம். கையால் பாத்திரம் தேய்த்து, மாவு பிசைந்து, துணி அலசி, நாள் முழுக்கத் தண்ணீரில் இருக்கும் கைகள் இவை. பூச்சின் ஓரம் லேசாகத் தூக்கினால் உள்ளே நீர் தேங்கும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தால் நகம் பச்சையாகும். அதை மறைக்க மேலே இன்னொரு பூச்சு போடுவது பெரும் தவறு. கழற்றி, உலரவிட்டு, மருத்துவரிடம் காட்ட வேண்டும். நகத்தின் பின்னால் இருக்கும் மெல்லிய தோலான கியூட்டிகிளை ஸ்டுடியோவில் வெட்டி எடுப்பது இதற்குத் துணைபோகிறது. கிருமி உள்ளே போகாமல் அடைத்து நிற்பது அதுதான். அதை இழந்த விரலில் நகச்சுத்தி எளிதாக வரும்.

இனி மூன்றாவது அளவுகோல்: தடுக்கும் வாய்ப்பு யார் கையில்? இங்கேதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கோளாறு தெரிகிறது. ஜெல் பாலிஷை முறையாகக் கழற்ற, மேல் பூச்சை அரத்தால் உடைக்க வேண்டும். அசிட்டோன் நனைத்த பஞ்சை நகத்தின் மீது மட்டும் வைத்து, ஃபாயில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். தானாக நெகிழ்ந்ததை மட்டும் மரக்குச்சியால் தள்ளி, நெகிழாததற்கு மறுபடி ஃபாயில் சுற்ற வேண்டும். அக்ரிலிக்குக்கு இன்னும் கூடுதல் நேரம். பல இடங்களின் விலைப்பட்டியலில் புது செட்டுக்கு ஆயிரக்கணக்கில் விலை இருக்கும். ரிமூவல் இலவசம், அல்லது ஒப்புக்கு ஒரு தொகை. காசு வராத அரை மணி நேரத்தை எந்தக் கடையும் சுருக்கவே பார்க்கும். காத்திருக்கும் அடுத்த வாடிக்கையாளர், நாளுக்கு இத்தனை பேர் என்ற இலக்கு, இலவசத்தை எதிர்பார்க்கும் நம் மனம் எல்லாம் சேர்ந்து நெயில் ஆர்ட்டிஸ்ட் கையில் டிரில்லைக் கொடுக்கின்றன.

அந்தப் பெண்ணின் கையையும் பார்க்க வேண்டும். நாம் மாதத்துக்கு ஒருமுறை தொடும் பொருளை அவர் நாள் முழுக்கத் தொடுகிறார். ஒவ்வாமை முதலில் தாக்குவது பெரும்பாலும் அவரைப் போன்றவர்களைத்தான். மெல்லிய கையுறையை இந்த வேதிப்பொருட்கள் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். அதற்கான செலவை முதலாளி ஏற்க வேண்டும். நம் நகப் பாதுகாப்பைப் பேசிவிட்டு அவர் விரலைப் பேசாமல் விட்டால் இந்தக் கணக்கு முழுமை பெறாது.

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தபின் என் தீர்ப்பு இது. நகப் பூச்சை அடியோடு விலக்கச் சொல்ல ஆதாரம் இல்லை. பூச்சுக்குச் சேதத்தில் பங்கே இல்லை என்ற ஸ்டுடியோ வாதமும் ஏற்கத்தக்கதல்ல. நகம் மெலிவதற்குப் பெரும் காரணம் கழற்றலும் தேய்ப்பும்தான். அது தடுக்கக்கூடியது, மீளக்கூடியது. ஒவ்வாமை அரிது, ஆனால் மீளாதது. எனவே மெலிவுக்கு அஞ்சும் அளவைவிட ஒவ்வாமைக்கு அதிகமாக அஞ்ச வேண்டும்.

இந்தத் தராசில் மிகவும் கீழே நிற்பது இணையத்தில் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஜெல் கிட். பயிற்சியில்லாத கை, பொருந்துமா என்று தெரியாத விளக்கு, தோலில் வழியும் ஜெல் என்று ஒவ்வாமைக்கு வேண்டிய எல்லாம் அதில் ஒன்றுகூடுகின்றன. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விசேஷத்துக்கு மட்டும் என்றால் ஒட்டும் பட்டையில் நிற்கும் பிரஸ்-ஆன் நகம் போதும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து எடுத்துவிடலாம். இரண்டு மூன்று வாரம் நிற்க வேண்டும் என்றால் ஊறவைத்து நீக்கும் ஜெல் பாலிஷ். தொடர்ந்து எக்ஸ்டென்ஷன் போடுபவர்கள் ஒவ்வொரு முறையும் முழுதாகக் கழற்றாமல், அடிப்பூச்சை விட்டுவைத்து வளர்ந்த இடத்தை மட்டும் நிரப்பும் ரீஃபில் செய்துகொள்வது நகத்தட்டைக் காக்கும். நீளத்தைக் குறைப்பதும் முக்கியம். நகம் நீள நீள நுனியில் படும் சிறு இடிகூட அடியில் பெரிய விசையாக மாறி, நகத்தைப் படுகையிலிருந்து பிரிக்கும். எக்ஸிமா, சொரியாசிஸ், ஏற்கெனவே விலகிய நகம் உள்ளவர்கள் போடவே வேண்டாம். நோயாளிகளைத் தொட்டுப் பராமரிப்பவர்கள் செயற்கை நகம் அணியக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைச் சுகாதார வழிகாட்டி சொல்கிறது.

ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரில் தொங்கும் டிசைன் படங்களைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ரிமூவலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள்? இந்த ஜெல்லுக்கு உரிய விளக்குதானா இது? சொந்த நகத்தின் மேல் டிரில் வைப்பீர்களா? முதல் கேள்விக்கு "அஞ்சே நிமிஷம்" என்று பதில் வந்தால் திரும்பிவிடலாம். அரை மணி நேரம் ஆகும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்று சொல்லும் இடத்தில், பேரம் பேசாமல் அந்தக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. போடுவதற்குக் கொடுக்கும் மதிப்பைக் கழற்றுவதற்கும் கொடுக்கும் வழக்கம் வரும்வரை, 'டேமேஜ் ஃப்ரீ' என்று பலகை மாட்டும் தகுதி எந்த ஸ்டுடியோவுக்கும் இல்லை.